கடுகுக்கு வந்த பணத்தில் மீதி 7,150 ரூபாய்

வணக்கம். போன வீடியோவில் நான் அழுததைப் பார்த்தவர்களுக்கு இன்றைக்குக் கணக்குச் சொல்ல வந்திருக்கிறேன். பூனைக்குட்டி கடுகு இறந்து இரண்டு வாரம் ஆகிறது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் ஒன்றின் எஞ்சினுக்குள்ளிருந்து மூன்று குட்டிகளை எடுத்தோம். கடுகு, மிளகு, சீரகம். ஆறு வாரக் குட்டிகள். மூன்றாம் நாளே கடுகு சாப்பாட்டை மோந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டது. ஓயாத வாந்தி. பரிசோதனையில் பான்லுகோபீனியா என்று தெரிந்தது. குடலைத் தாக்கி, ரத்தத்தில் வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும் வைரஸ். அதைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பு தானாக மீளும்வரை டிரிப்ஸ், வாந்திக்கு ஊசி, வேறு கிருமி தொற்றாமலிருக்க ஆன்டிபயாடிக் என்று தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். மூன்று நாள் தாங்கிப் பிடித்தோம்.

நீங்கள் அனுப்பியது 11,300 ரூபாய். பரிசோதனைகளுக்கு 1,450, சிகிச்சைக்கு 2,700. பில்களை இதோ கேமராவுக்கு நேராகக் காட்டுகிறேன், நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள். மீதி 7,150.

இந்த மீதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் கொடுத்தது கடுகுக்கு. கடுகு இல்லை. ஒரு அக்கா, "என் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டது நியாயம். அன்றே அனுப்பிவிட்டேன். வேறு யாருக்கு வேண்டுமென்றாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டேன். வரிக்கழிவுக்கு ரசீது கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வருமான வரித் துறையின் அனுமதி பெற்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால்தான். என்னைப் போன்ற தனியாளுக்கு அனுப்பினால் கிடைக்காது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

ஒரு நிமிடம்... மிளகு, வயரைக் கடிக்காதே!

பார்த்தீர்களா, இவை இரண்டும் தப்பிவிட்டன. தனி அறையில் வைத்து, தரையைத் தினமும் பிளீச்சிங் கரைசலால் துடைத்தேன். சாதாரண சோப்புக்கு இந்த வைரஸ் அசையாது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்து அடுத்த குட்டிக்குக் காத்திருக்கும். இனி இவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டும், சில வாரம் கழித்து இன்னொரு தவணையும் உண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். அங்கே கட்டணம் குறைவு, பணம் கொஞ்சம் நீளும்.

அதன் பிறகும் மிஞ்சுவதைத் தாய்ப்பூனையின் கருத்தடைக்குச் செலவிட எண்ணுகிறேன். இதற்கென்று தனியாகக் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டீர்கள், கேட்டுப் பார்த்திருக்கிறேன்! டிரிப்ஸ் ஏறும் குட்டியின் படத்துக்குப் பணம் வருகிறது, கொழுகொழுவென்று சுவரில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு வருவதில்லை. ஆனால் பூனைக்குக் கர்ப்பகாலம் ஒன்பது வாரம்தான். தாமதித்தால் அதே எஞ்சினுக்குள் அடுத்த மூன்று குட்டிகள் கிடக்கும்.

வியாழக்கிழமை விடியற்காலையில் பிடிக்கப் போகிறோம். கூண்டு இரவலாகக் கிடைத்துவிட்டது. கருவாடு நான் வாங்கிக்கொள்கிறேன், அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை.