பழைய லேப்டாப்புக்கு முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ரேம்

[காட்சி: மேசை மேல் கறுப்பு லேப்டாப். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.]

இது பெங்களூரு அல்சூரில் எங்கள் மேல்வீட்டு அக்காவின் லேப்டாப். 2014-ல் வாங்கியது. கணக்குப் போடும் மூளையான ப்ராசஸர் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேம் 4 ஜிபி, கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. "தம்பி, பையன் பியுசி சேர்ந்துட்டான், புதுசுதான் வாங்கணுமா?" என்று கேட்டார். பியுசி என்றால் இங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. "இருங்கக்கா, முதல்ல திறந்து பார்ப்போம்" என்றேன்.

[காட்சி: டாஸ்க் மேனேஜர்.]

திறப்பதற்கு முன், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸ் காட்டும் இந்த டாஸ்க் மேனேஜரைக் கவனியுங்கள். ப்ராசஸர் 12 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. கேட்ட கோப்பு இருக்கும் இடத்துக்கு ஒரு முள் நகர்ந்து போய், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அதே வேலை ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கில் முடியும். அதனால்தான் கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி வாங்கச் சொல்வேன். ரேம் பத்தாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில்தான் எழுதி வைக்கும். டிஸ்க் வேகமானால் அந்த இழுபறியும் குறையும்.

அடுத்து எஸ்பி ரோடு, பெங்களூரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைத்தெரு. ஆனால் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்க்காமல் அங்கே போகாதீர்கள். ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ரூக்களை எந்தத் துளையில் எது இருந்ததோ அதே வரிசையில் ஒரு தாளில் வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கி, மேல் பக்கம் புடைக்க வைத்தவன் சொல்கிறேன்.

[காட்சி: ரேமின் ஸ்டிக்கர், மிக அருகில்.]

இந்த ஸ்டிக்கரில் 'பிசி3எல்-12800எஸ்' என்று இருக்கிறது, பாருங்கள். நடுவில் இருக்கும் அந்த 'எல்'தான் முக்கியம். இது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை ரேம். 'எல்' இல்லாத சாதா டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் முனையில் இருக்கும் வெட்டு ஒரே இடத்தில்தான், அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நான்காம் தலைமுறை லேப்டாப் 1.35 வோல்ட்தான் கொடுக்கும். நான் முதல் தடவை 'எல்' பார்க்காமல் வாங்கி வந்து, திரை வராமல், போர்டே போச்சு என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மாற்றப் போனால் கடைக்காரர், "பில் இதியா?" என்று கன்னடத்தில் பில் இருக்கிறதா எனக் கேட்டார். இல்லை. அன்றிலிருந்து பழைய ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அதைக் காட்டி "இதே மாதிரி 8 ஜிபி" என்றால் எந்த பாஷையிலும் புரியும். பில்லையும் கையோடு வாங்கிவிடுவேன்.

அக்காவின் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலி. 4-உடன் 8 சேர்த்து 12 ஜிபி ஆக்கிவிட்டேன். சில மெலிசான லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதில் ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்எஸ்டியில், பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும் அதே இடத்தில் பொருந்தும் 2.5 அங்குல சாட்டா வகையைக் கேளுங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 விலை குறைவாகக் கிடைத்தாலும் இதில் சொருக இடமில்லை. புதியது 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 இருந்தால் கொஞ்சம் ஆடும், சிலவற்றோடு கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் சரியாகிவிடும்.

[காட்சி: ரேமைச் சாய்வாகச் சொருகும் கை.]

ரேமை நேராக அழுத்தக் கூடாது. சாய்வாகச் சொருகி, தங்க நிற முனை உள்ளே மறைந்த பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று மாட்ட வேண்டும். திரை வரவில்லையா? பதறாதீர்கள், மறுபடி எடுத்துப் போடுங்கள். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் காரணம்.

புது எஸ்எஸ்டி காலியாக இருக்கும், அதில் எதைப் போடுவது? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனசில்லை. பையனைக் கேட்டுவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, கணக்குப் பதிவு எல்லாம் ஓடுகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். அக்காவுடையதை அப்படி மாட்டிப் பார்த்தபோது, 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயருக்குள் பையன் முதல் நாள் ஸ்கூலுக்குப் போன படங்கள் மொத்தமும் இருந்தன. அவன் யூனிஃபார்மில் அழுதுகொண்டிருக்கிறான்.