சுவரை இழந்த சமாதி

நண்பர்களே, அஜர்பைஜானில் பீர்சாத் ஆற்றங்கரையில் சூஃபி ஞானி பீர் ஹுசைனின் சமாதி இருக்கிறது. அவர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சமாதியைச் சுற்றிப் பிறகு ஒரு கான்கா எழுந்தது. தர்கா, பள்ளிவாசல், தர்வேஷ்கள் எனும் சூஃபித் துறவிகள் தங்கும் அறைகள் எல்லாம் சேர்ந்த இடம் அது. வணிகர் கூட்டம் போகும் பாதை என்பதால் கோட்டைபோல மதிலும் கட்டினார்கள். அங்குள்ள மினாரா 1256இல் எழுந்தது. மங்கோலியப் படைகள் அந்த நிலத்தையெல்லாம் மிதித்துப் போட்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்!

1280களில் சமாதி அறையின் சுவர்களுக்கு மினுங்கும் ஓடுகள் வந்தன. செய்தவர்கள் ஈரானின் காஷான் நகரத்துக் குயவர்கள். இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டுக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து ஒருமுறை சுடுவார்கள். அப்புறம் வெள்ளியும் செம்பும் கலந்த மையால் அதன்மேல் வரைந்து, காற்று குறைந்த புகைச்சூளையில் மறுபடியும் வைப்பார்கள். சூடு கொஞ்சம் பிசகினாலும் அத்தனையும் வீண். சரியாக வந்தால், பொன் துளியும் இல்லாமல் பொன் நிறம் வரும். காஷானில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்த ஒரு குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம், 1301இல் இந்தச் செய்முறையை எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது.

அந்த ஓடுகள் இன்று சமாதியில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் இவற்றுக்குப் பெரிய கிராக்கி. பல சமாதிகளின் சுவர்கள் உரிக்கப்பட்டன. ஈரானின் வராமினில் தொழுகைத் திசை காட்டிய 1265ஆம் ஆண்டு மிஹ்ராப் இப்போது ஹவாயில், ஹொனலுலுவில் இருக்கிறது. பீர் ஹுசைன் ஓடுகளில் பெரும்பகுதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போனது. சில அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் உள்ளன. சிதறிய துண்டுகளைக் கொண்டு, ஓடுகளில் இருந்த வாசகங்களை எழுத்தை எழுத்தோடு பொருத்திப் படித்தவர் ரஷ்ய ஆய்வாளர் வேரா கிராச்கோவ்ஸ்கயா. அவருடைய ஆய்வு 1946இல் வெளிவந்தது. அந்த அம்மையாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அருங்காட்சியகம் எடுத்திராவிட்டால் இவையும் அழிந்திருக்கும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே 'காஷான், 13ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதினால் என் மனம் ஒப்பாது. செய்த ஊர் தெரிகிறது. எந்த ஞானியின் தலைமாட்டில் இருந்தது, யார் கைகூப்பி நின்ற சுவர் என்பது மறைந்துபோகிறது. செய்தவர் ஈரானியர், வணங்கியவர் அன்று ஷிர்வான் எனப்பட்ட இந்தப் பகுதியின் மக்கள், காப்பவர் ரஷ்யர். அஜர்பைஜான் மரபு என்று பேசும்போது இந்த மூவரையும் சேர்த்தே பேச வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். எந்த நாட்டில் இருந்தாலும் ஒவ்வொரு ஓட்டின் அருகிலும் பீர் ஹுசைனின் பெயரை எழுதுங்கள். எல்லாத் துண்டுகளையும் படமெடுத்து, அதே அளவில், பீர்சாத் கரையில் அந்த அறைச் சுவரிலேயே வரிசையாக வையுங்கள். அங்கே வழிபட வருகிறவர்கள்தான் அவற்றை முதலில் பார்க்க வேண்டியவர்கள்.