நகர்வதற்காகக் கட்டப்பட்ட சுவர்

[காட்சி: மரங்களுக்கு நடுவே செக்கச்செவேலென ஒரு கோபுரம்]

வணக்கம். ஒரு நூலகம் திறக்கப்படும் நாளிலேயே அதன் இடநெருக்கடியும் தொடங்கிவிடுகிறது. புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும், சுவர்களோ நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தச் சிக்கலுக்கு வரைபடத்திலேயே விடை எழுதி வைத்த கட்டடம் ஒன்று, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 1888இல் கட்டத் தொடங்கி 1891இல் திறக்கப்பட்ட இந்த நூலகத்தை வடிவமைத்தவர், அதே ஊரில் பிறந்த ஃபிராங்க் ஃபர்னஸ். உள்நாட்டுப் போரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்த அவர், களத்தில் காட்டிய வீரத்துக்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கத்தைப் பின்னாளில் பெற்றார்.

நூலக வேலையை நன்கறிந்தவர்களிடம் கேட்டுத்தான் திட்டம் உருவானது. புத்தகங்களைத் தசம எண்களால் வகைப்படுத்தும் முறையை வகுத்த மெல்வில் டூயியும், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகர் ஜஸ்டின் வின்சரும் ஆலோசனை வழங்கினார்கள்.

[காட்சி: வாசிப்புக்கூடம், கீழிருந்து மேலாக]

படிப்பவருக்கு ஓரிடம், புத்தகத்துக்கு ஓரிடம் என்பதே இக்கட்டடத்தின் அடிப்படை. நான்கு மாடி உயரத்துக்கு எழும் வாசிப்புக்கூடத்தில் செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடும் சூழ்ந்திருக்க, தலைக்கு மேலே இரும்பு உத்தரங்கள் பூச்சு எதுவுமின்றித் தம் ஆணித்தலைகளோடு வெளிப்படையாகவே தெரிகின்றன. மாடிப்படிகளை ஃபர்னஸ் கோபுரத்துக்குள் தனியே வைத்துவிட்டதால், ஏறி இறங்குவோரின் காலடியோசை படிப்பவரைக் கலைப்பதில்லை. கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். வெளியிலிருந்து அழகுக்காக நிற்பதுபோல் தோன்றும் கோபுரம், உள்ளே அமைதியைக் காக்கும் வேலையைச் செய்கிறது.

[காட்சி: அடுக்குகளுக்கு இடையே கண்ணாடித் தளம்]

புத்தக அடுக்குகள் இருந்த பகுதிக்குக் கூரையும் கண்ணாடி, மாடித் தளங்களும் கண்ணாடி. உச்சியில் விழுந்த பகல் வெளிச்சம் தளம் தளமாகக் கசிந்து, கீழ் அடுக்கில் நிற்பவர் கையிலிருக்கும் புத்தகத்தின் முதுகு வரை இறங்கியது. இந்தப் பகுதியின் கடைசிச் சுவரை ஃபர்னஸ் நிரந்தரமானதாக நினைக்கவேயில்லை. இடம் போதாமல் போகும்போது அதைப் பிரித்தெடுத்துத் தள்ளி வைத்து, நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு மூன்று பகுதிகளை ஒன்பது வரை பெருக்கலாம் என்பது திட்டம்.

அந்தச் சுவர் ஒருமுறைகூட நகரவில்லை. 1915 வாக்கில் அதன் எதிரிலேயே ஓர் இணைப்புக் கட்டடம் எழுந்து, வளர்வதற்கு விட்டிருந்த வழியை அடைத்தது. 1962இல் பல்கலைக்கழகத்தின் முதன்மை நூலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. ஃபர்னஸின் பாணி மதிப்பிழந்திருந்த அந்த ஆண்டுகளில் அவருடைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன, இது தப்பியது. 1986 முதல் 1991 வரை ராபர்ட் வென்ச்சுரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன் ஆகியோரின் நிறுவனம் இதைப் பொறுமையாகப் புதுப்பித்தது. இன்று இது நுண்கலை நூலகம். கட்டடக்கலை மாணவர்கள் அந்த இரும்பு உத்தரங்களின் கீழே அமர்ந்துதான் படிக்கிறார்கள்.