தோற்ற சுண்டெலி ஏன் மூலைக்குப் போகிறது?

[காட்சி: ஒரு கூண்டு. நடுவே துளைகளிட்ட கண்ணாடி போன்ற தடுப்பு. ஒருபுறம் பெரிய வெள்ளைச் சுண்டெலி. மறுபுறம் சிறிய கறுப்புச் சுண்டெலி.]

வெள்ளையாக இருப்பது சிடி-1 எனும் ஆய்வக வகையைச் சேர்ந்த ஆண். தன் இடத்துக்குள் வேறோர் ஆண் நுழைந்தால் ஒரு நிமிடத்துக்குள் பாய்ந்து கடிக்கும் என்று முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கறுப்பாக இருப்பது சி57 எனும் இன்னோர் ஆய்வக வகையைச் சேர்ந்த ஆண். சற்று முன்பு சில நிமிடங்கள் அது வெள்ளையின் கூண்டில் விடப்பட்டுக் கடிபட்டது. இப்போது கடி நின்றுவிட்டது. ஆனால் தடுப்பின் வழியே எதிரியின் உருவமும் வாசனையும் மறுநாள் வரை அதை விட்டு விலகப்போவதில்லை. மறுநாள் வேறொரு கூண்டு, வேறொரு வெள்ளைச் சுண்டெலி. இப்படியே 10 நாட்கள்.

'நாட்பட்ட சமூகத் தோல்வி அழுத்தம்' எனப்படும் இந்த முறை, மனச்சோர்வையும் மனப்பதற்றத்தையும் ஆராயும் ஆய்வகங்கள் பலவற்றில் இன்று வழக்கத்தில் உள்ளது. மின் அதிர்ச்சி கொடுத்தோ உடலைக் கட்டிவைத்தோ உண்டாக்கும் அழுத்தத்தைக் காட்டிலும், தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றிடம் திரும்பத் திரும்பத் தோற்பது மனிதர் படும் அவமானத்துக்கும் ஒடுக்குதலுக்கும் சற்று நெருக்கமானது என்பதே இதைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம்.

[காட்சி: சதுரமான திறந்த பெட்டி. ஒரு சுவரோரம் கம்பிவலைக் கூண்டு. மேலிருந்து கேமரா.]

பத்து நாட்கள் முடிந்தபின் கறுப்புச் சுண்டெலியை இந்தப் பெட்டியில் இரண்டரை நிமிடம் விடுகிறார்கள். வலைக்கூண்டு காலியாக இருக்கிறது. சுண்டெலி அதை மோந்து பார்க்கிறது, சுற்றி வருகிறது. பிறகு அந்த வலைக்குள் இதுவரை பார்த்திராத ஒரு வெள்ளைச் சுண்டெலியை வைத்து, மீண்டும் இரண்டரை நிமிடம் விடுகிறார்கள். இம்முறை சில சுண்டெலிகள் வலைக்கு நேரெதிரான மூலைக்குப் போய் உடலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் இருந்துவிடுகின்றன. வேறு சில, அதே பத்துத் தோல்விகளைப் பட்டவைதாம், வலையருகே போய் மூக்கை நீட்டுகின்றன.

இந்த ஆய்வுமுறை நமக்குத் தந்த மிகப் பெரிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது என்று நான் கருதுகிறேன். ஒரே மரபணுக்கள், ஒரே வயது, ஒரே கூண்டு, ஒரே அடி. அப்படியிருந்தும் ஒன்று ஒடுங்குகிறது, மற்றொன்று தாக்குப்பிடிக்கிறது.

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் எரிக் நெஸ்ட்லரின் ஆய்வுக்குழு 2007-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு ஒரு விடையைத் தொட்டுக்காட்டின. ஒடுங்கிய சுண்டெலிகளின் நடுமூளையில், நாட்டத்தையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமைன் எனும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் அளவுக்கு மீறித் துடித்தன, அதாவது மின்சமிக்ஞைகளை அனுப்பின. தாக்குப்பிடித்தவற்றில் அந்தத் துடிப்பு இயல்பாக இருந்தது. அவற்றின் மூளையில் எதுவுமே நடக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். துடிப்பைத் தணிக்கும் பொட்டாசியக் கால்வாய்களை (செல்லின் சவ்வில் பொட்டாசியம் கடந்துசெல்லும் நுண்வழிகளை) உருவாக்கும் மரபணுக்கள் அவற்றில் கூடுதலாகச் செயல்பட்டன. அதாவது, தாக்குப்பிடிப்பது என்பது பாதிப்பு இல்லாத நிலை அன்று. மூளை முயன்று செய்யும் ஒரு வேலை.

மருந்துகளைப் பொறுத்தவரையிலும் மனிதரோடு ஓர் ஒற்றுமை தென்பட்டது. ஃபுளூவாக்செட்டின், இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்தபோதுதான் ஒடுங்கிய சுண்டெலிகள் மறுபடியும் மற்றவற்றை நெருங்கின. ஒரே ஒரு வேளை கொடுத்தது பயன்படவில்லை. மருந்து வேலை செய்ய வாரங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று ஏங்கும் நோயாளிகளுக்கு இந்தக் காலதாமதம் நன்கு தெரிந்த ஒன்று.

ஆனால் இரண்டரை நிமிடக் கணக்கை வைத்து ஒரு சுண்டெலிக்கு மனச்சோர்வு என்று சொல்லிவிட முடியாது. பத்து வெள்ளைச் சுண்டெலிகளிடம் கடிபட்ட ஒன்று பதினோராவதைக் கண்டு விலகினால், அது நோயா, அனுபவம் கற்றுத்தந்த எச்சரிக்கையா? இதனால்தான் கவனமுள்ள ஆய்வாளர்கள் சர்க்கரைநீரின்மீது நாட்டம் குறைகிறதா, உறக்கமும் உடல் எடையும் மாறுகின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: உயரத்தில் அமைந்த, சுவரில்லாத பாதைகளில் நடக்க அஞ்சும் பதற்றம், தாக்குப்பிடித்த சுண்டெலிகளிடமும் காணப்பட்டது. மனச்சோர்வும் பதற்றமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் அல்ல என்பதற்கு இது ஒரு தடயம்.

இந்தச் சோதனையில் விலங்கு படும் வேதனை உண்மையானது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆகவே தாக்குதலின் நேரத்துக்கு எல்லை வகுப்பதும், காயங்களை நாள்தோறும் பார்ப்பதும், பலமாகக் காயம்பட்டதைச் சோதனையிலிருந்து விலக்குவதும் சடங்காகச் செய்யப்படக் கூடாதவை.

[காட்சி: பழுப்பு நிறச் சுண்டெலி இணை, ஒரே கூட்டில்.]

இந்த முறையின் பெருங்குறை ஒன்று உண்டு. வெள்ளை ஆண் சுண்டெலி பொதுவாகப் பெண்ணைத் தாக்குவதில்லை. எனவே பல ஆண்டுகள் இந்த ஆய்வு பெரும்பாலும் ஆண் சுண்டெலிகளைக் கொண்டே நடந்தது. மனச்சோர்வோ, ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. கலிஃபோர்னியாச் சுண்டெலி எனப்படும் இனத்தில் ஆணும் பெண்ணும் தத்தம் இடத்தைக் காக்கச் சண்டையிடுவதால், அமெரிக்க ஆய்வாளர் பிரையன் டிரெய்னரின் குழு அதை எடுத்துக்கொண்டது. தோல்விக்குப் பின் பெண் சுண்டெலிகள் பிறவற்றை நெருங்குவதை வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டன. அதே தோல்வியைச் சந்தித்த ஆண்களிடம் அந்த விலகல் தென்படவில்லை.