இல்சா படமும் ராவன்ஸ்ப்ரூக் பெண்களும்

நேயர்களுக்கு வணக்கம். 1975-இல் அமெரிக்காவில் 'இல்சா: ஷீ வுல்ஃப் ஆஃப் தி எஸ்எஸ்' என்று ஒரு படம் வந்தது. எஸ்எஸ் என்பது வதைமுகாம்களை நடத்திய, ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படை. நாஜி வதைமுகாம் ஒன்றின் தலைவி, கைதிகளை வைத்துக் கொடூரச் சோதனைகள் நடத்துகிறாள். வதையையும் நிர்வாணத்தையும் காட்டிக் காசு பார்க்க எடுத்த படம். ஆனால் தொடக்கத்தில், இது ஆவணங்களில் உள்ள உண்மைகளை வைத்து எடுத்தது, இப்படிப்பட்ட குற்றங்கள் இனி நடக்கக் கூடாது என்றே இதைச் சமர்ப்பிக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் கீழே இருக்கும் தயாரிப்பாளர் பெயரே பொய். டேவிட் ஃப்ரீட்மன் தன் சொந்தப் பெயரைப் போடவில்லை.

படம் பிடித்த இடம் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டி. 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்காகப் போட்ட போர்க்கைதி முகாம் செட்டிலேயே எடுத்தார்கள். அந்தத் தொடரில் நடித்த ராபர்ட் கிளாரி, பூகன்வால்ட் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து 1945-இல் உயிரோடு மீண்ட யூதர். பெற்றோரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பறிகொடுத்தவர். இல்சா பாத்திரத்துக்கு முன்மாதிரியும் அதே பூகன்வால்டின் தளபதி மனைவி இல்சே கோச்தான். இதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவே இல்லை.

சரி, அந்த 'உண்மை' எவ்வளவு? இல்சே கோச் கொடுமைக்காரி, மறுப்பதற்கில்லை. 1951-இல் ஜெர்மன் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் முகாமில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது. பெண் காவலர்களும் எஸ்எஸ் அமைப்பின் ஊழியர்கள்தான், முழு உறுப்பினர்கள் அல்லர். பெரிய வதைமுகாம் எதற்கும் ஒரு பெண் தளபதியாக இருந்ததில்லை.

சோதனைகள் நடந்தது நிஜம். பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில், 1942-இலிருந்து, கார்ல் கெப்ஹார்ட் என்ற மருத்துவரின் கீழ் நடந்தன. கைதிகளின் காலைக் கிழித்து, கிருமியும் மரத்தூளும் கண்ணாடித் துணுக்கும் வைத்து, கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். இப்படி அறுக்கப்பட்டவர்களில் 74 பேர் போலந்துப் பெண்கள், பெரும்பாலும் அரசியல் கைதிகள். சோதனைக்கூட விலங்குகளைப் போல, முகாமில் அவர்களை முயல்கள் என்றே அழைத்தார்கள்.

படத்தில் கைதிகள் வெறும் உடம்புகள். இந்தப் பெண்கள் அப்படி இருக்கவில்லை. தளபதிக்கு எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் ஓரத்தில், சிறுநீரை மையாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததை எழுதினார்கள். சூடு காட்டினால் எழுத்து தெரியும். அறுவைக்கு வர மறுத்தவர்களை முகாமின் சிறைக்கொட்டடியிலேயே பிடித்து வைத்து அறுத்தார்கள். 1945 தொடக்கத்தில் இவர்களைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்ததும் மற்றக் கைதிகள் ஒளித்து வைத்தார்கள். இறந்த கைதிகளின் முகாம் எண்களை இவர்களுக்கு அணிவித்தார்கள். யார் எந்த நாட்டவர் என்று அப்போது பார்க்கவில்லை. அப்படித்தான் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

அப்புறம், போருக்குப் பின் நாஜி மருத்துவர்கள் மீது ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் நடந்த வழக்கில் இவர்களில் நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவரான யாத்விகா ஜிடோ தன் காலை நீதிமன்றத்தில் காட்டினார். கெப்ஹார்ட் 1948-இல் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கில் நின்ற ஒரே பெண் மருத்துவரான ஹெர்ட்டா ஓபர்ஹாய்சர் இருபது ஆண்டு தண்டனை பெற்று, 1952-இலேயே வெளியே வந்து மறுபடி வைத்தியம் பார்த்தார். ராவன்ஸ்ப்ரூக்கில் இருந்த ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் அதுவும் நின்றது.

அந்தச் சாட்சியங்கள் ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் இணையத்தளத்தில் இருக்கின்றன. முகாம்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் நேயர்கள் அங்கிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.