30 ரன் வந்த பேஸ்பால் ஆட்டத்தைத் தாளில் எழுதுவது எப்படி?

[திரையில்: வெற்று ஸ்கோர்கார்டு, பக்கத்தில் சீவிய பென்சில்]

வணக்கம். 2019 ஜூன் 29, சனிக்கிழமை. பாஸ்டனில் மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. ஒரு கல்லூரி மாணவி ஸ்கோர்கார்டும் பென்சிலுமாக டிவி முன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் நடப்பது லண்டனில். நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதுகின்றன. நட்சத்திர வீரர் பேப் ரூத்தை ரெட் சாக்ஸ் யாங்கீஸுக்கு விற்ற காலத்திலிருந்து நூறு வருஷமாகப் புகையும் பகை. அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கின் அணிகள் ஐரோப்பாவில் ஆடும் முதல் லீக் ஆட்டமும் இதுதான்.

[திரையில்: கார்டின் ஒரு கட்டம் பெரிதாகிறது, நடுவில் சிறிய வைர வடிவம்]

முதலில் கார்டைப் பார்ப்போம். ஒன்பது பேட்டர், ஆளுக்கு ஒரு வரிசை; இன்னிங்ஸுக்கு ஒரு பத்தி. இரண்டு அணியும் தலா மூன்று அவுட் ஆகும்வரை ஆடினால் ஒரு இன்னிங்ஸ்; ஆட்டத்துக்கு ஒன்பது. கட்டத்துக்குள் இருக்கும் வைரம்தான் மைதானம்; அதன் மூலைகள்தான் மூன்று பேஸும், பேட்டர் கிளம்பும் 'வீடு' என்கிற ஹோமும். பேட்டர் ஒவ்வொரு பேஸாக முன்னேறும்போது அதன் ஓரத்தில் கோடு இழுக்க வேண்டும். ஆள் வீடு வந்து ரன் ஆகிவிட்டால் வைரத்தை முழுக்கக் கறுப்பாக்க வேண்டும்.

ஃபீல்டர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். பந்து எறியும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் இருந்து அதைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இடது, நடு, வலது எல்லைக்காரர்கள் 7, 8, 9. '6-4-3' என்று எழுதினால் பந்து ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து இரண்டாம் பேஸுக்கும், அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம். ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்டர் அவுட்டானால், ஆங்கில எழுத்து 'K'. பேட்டை வீசாமலே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்தது இந்தத் திரும்பிய எழுத்துதான்.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிடரில் 1824-இல் பிறந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். கிரிக்கெட் ஸ்கோர் பட்டியலில் பழகிய கை பேஸ்பாலுக்கும் ஒன்று செய்து கொடுத்தது.

[திரையில்: முதல் இன்னிங்ஸ் பத்தி மேலிருந்து கீழ்வரை நிரம்புகிறது]

சரி, ஆட்டத்துக்கு வருவோம். முதல் இன்னிங்ஸில் யாங்கீஸ் 6 ரன். ஆரோன் ஹிக்ஸ் அடித்தது ஐரோப்பாவில் வந்த முதல் மேஜர் லீக் ஹோம் ரன், அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி. அடுத்து ஆடிய ரெட் சாக்ஸும் 6 ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டது! இரண்டு அணியின் முதல் பிட்சர்களான ரிக் போர்செல்லோ, மசாஹிரோ தனாகா இருவராலும் அந்த இன்னிங்ஸை முடிக்க முடியவில்லை. முதல் இன்னிங்ஸ் மட்டும் 58 நிமிஷம்.

இத்தனை ரன்னுக்கு மைதானமும் ஒரு காரணம். 2012 ஒலிம்பிக் நடந்த அரங்கை மாற்றி அமைத்திருந்தார்கள். நடு எல்லை 385 அடிதான். அமெரிக்காவில் பெரும்பாலும் 400 அடி அளவுக்கு இருக்கும்.

இப்போது மாணவியின் கார்டைப் பாருங்கள். பேட் பிடிக்க வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றாகத்தான் முடிவார்: ரன், அவுட், அல்லது பேஸிலேயே நின்றுபோனவர். 6 ரன், 3 அவுட், ஆக 9. அதாவது குறைந்தது ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள், பத்தி நிரம்பிவிட்டது. பத்தாவதாக முதல் ஆளே மறுபடி வந்தால் எங்கே எழுதுவது? அடுத்த பத்தியைக் கடன் வாங்கி, தலைப்பில் உள்ள 2-ஐ அடித்துவிட்டு 1 என்று போட வேண்டும். அதன்பிறகு கார்டு முழுக்க ஒரு பத்தி தள்ளியே போகும். பயப்பட வேண்டாம், எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

யாங்கீஸ் 17-6 என்று ஓடிவிட்டது. டிவியை அணைத்துவிடத் தோன்றும் நேரம். ஆனால் பென்சில் வைத்திருப்பவர் எழுந்து போக மாட்டார். ரெட் சாக்ஸ் திரும்பி வந்தது. மைக்கேல் சாவிஸ் மட்டும் இரண்டு ஹோம் ரன் அடித்தார்; ஒவ்வொன்றிலும் பேஸில் நின்ற இருவரோடு சேர்த்து மூன்று ரன். முடிவு 17-13. மொத்தம் 4 மணி 42 நிமிஷம்.

[திரையில்: கறுத்த வைரங்கள் நிறைந்த கார்டு]

அப்புறம் சரிபார்க்கும் வேலை. ஒன்பது இன்னிங்ஸில் இரண்டு அணிக்கும் சேர்த்து 54 அவுட், 30 ரன், ஆக 84. இதோடு பேஸில் நின்றுபோனவர்களைக் கூட்டினால், நிரப்பிய கட்டங்களின் எண்ணிக்கை அப்படியே வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு பேட்டரை விட்டுவிட்டீர்கள். முதல் இன்னிங்ஸிலிருந்தே தேட ஆரம்பியுங்கள்.