பிறந்தநாள் கேக்கும் பிள்ளையின் ஆட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்தநாள் விருந்துக்குப் போய்வந்த பிள்ளை ராத்திரி பத்து மணிக்கும் கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கிறது. "கேக்கைத் தின்னது, சர்க்கரை தலைக்கு ஏறிடுச்சு" என்கிறார் பாட்டி. இதைக் கேட்காத வீடு உண்டா? குழந்தைகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் என்னிடம் வருகிற பெற்றோர் பலர் முதலில் சொல்வதும் இதைத்தான். ஆகவே சர்க்கரையிலிருந்தே தொடங்குகிறேன்.

1994-இல் அமெரிக்காவின் ஹூவர், மிலிச் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்களும் அவர்களுடைய அம்மாக்களும், மொத்தம் 35 ஜோடி. "சர்க்கரை சாப்பிட்டால் இவனைப் பிடிக்க முடியாது" என்று சொல்லும் அம்மாக்களாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். ஒரு பகுதியினரிடம், "உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். மற்றவர்களிடம், கொடுத்தது சர்க்கரை இல்லை என்றார்கள். உண்மையில் எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது ஒன்றேதான், அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு. யாருக்கும் சர்க்கரை தரவில்லை.

அப்புறம் அம்மாவும் பையனும் சேர்ந்து இருப்பதைப் படம் பிடித்தார்கள். சர்க்கரை கொடுத்ததாக நம்பிய அம்மாக்கள், தங்கள் பையன் மிகவும் துறுதுறுவென்று இருந்ததாகச் சொன்னார்கள். படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த அம்மாக்கள் பையனை ஒட்டியே இருந்தார்கள், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிகமாகக் குறை சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அதை மறந்துவிடக் கூடாது. எதிர்பார்த்தது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறந்தநாள் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள், பலூன், சத்தமான பாட்டு, தள்ளிப்போன தூக்கம். கேக்கே இல்லாவிட்டாலும் பிள்ளை குதிக்கத்தான் செய்யும்.

சரி, சாப்பாட்டுக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. 2007-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் பழச்சாறு கொடுத்தார்கள். சில வாரம் அதில் செயற்கை நிறங்களும், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் இருக்கும், சில வாரம் இருக்காது. எந்த வாரம் எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. நிறம் கலந்த வாரங்களில் துறுதுறுப்பு கூடியது. சராசரியில் அது சிறிய மாற்றம்தான். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை நிறைய வேறுபட்டது. அதன் பிறகு, 2010-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. அந்த ஆறில் நான்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டவை.

கவனித்தீர்களா, இரண்டு சோதனைகளிலும் பிள்ளைக்கு உண்மையில் எதைக் கொடுத்தார்கள் என்று பெற்றோருக்குத் தெரியாது. வீட்டிலும் முடிந்த அளவு அதைப்போலச் செய்யச் சொல்கிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன சாப்பிட்டது, எப்போது தூங்கியது, வயிறு எப்படி, குணம் எப்படி என்று எழுதுங்கள். அப்புறம் சந்தேகப்படும் ஒரே ஒரு பொருளை இரண்டு மூன்று வாரம் நிறுத்துங்கள். ஒரே ஒரு பொருள். பாலையும் கோதுமையையும் முட்டையையும் சேர்த்து நிறுத்தினால் எதனால் மாறியது என்று தெரியாது, பிள்ளையும் மெலிந்துபோகும். பிறகு அதைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடிந்தால் எப்போது நிறுத்தினீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லாமல், வகுப்பாசிரியரிடம் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. சாப்பிட்டதும் உடம்பு தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சு வாங்குவது ஒவ்வாமையாக இருக்கலாம். அதை வீட்டில் சோதிக்கவே கூடாது, மருத்துவரிடம் போங்கள். மூச்சு வாங்கினால் உடனே போங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்கெட்டில் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் அவைதான் நான் சொன்ன நான்கு நிறங்கள், 211 சோடியம் பென்சோயேட். பால் குடித்தபின் வயிறு உப்பி, வலித்து, சிடுசிடுக்கும் பிள்ளைக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். கோதுமை மேல் சந்தேகம் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் அதில் தெரியாமல் போகலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதனையை எடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.